பனிமுகாமுக்கு வந்த கருத்துகள்

கொலைகாரன் யாரென்று அறுபதாம் பக்கத்திலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார் ஹவில்தார் முனிரத்தினம். சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார், கண்டுபிடித்ததற்கு யாராவது எழுந்துவந்து மெடல் குத்துவார்கள் என்பதுபோல. இரண்டு பேர் கை தட்டினார்கள். கடைசி வரிசையில், சுவரோரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்காவனம், இந்த மனுஷனுக்கு அறுபது பக்கம் போதுமாயிருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகியும் விளங்கவில்லை. குடியாத்தத்தில், நூலகத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற வாசகர் வட்டம் அது. மாதம் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எழுதியவரை முன்னால் உட்கார வைத்து, அவர் முகத்துக்கு நேராகவே பிரித்து மேய்ந்துவிட்டுக் கடைசியில் அவருக்கே துண்டும் போர்த்தி அனுப்புவார்கள். இந்த மாதம் அகப்பட்டது 'பனிமுகாம்'. எழுதியவர் ஓய்வுபெற்ற சுபேதார் தசரதன். முன்வரிசையில் தனி நாற்காலியில், முட்டிமேல் இரண்டு கையையும் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பூங்காவனத்தின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் இருந்த அதே பட்டாளம்தான் அவருக்கும். ஏகாம்பரத்தின் உடலை வைத்த பெட்டியோடு ஊருக்கு வந்த இரண்டு பேரில் இவர் ஒருவர். அப்போது மீசை கன்னங்கரேலென்று இருந்தது. இப்போது அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியவேண்டாம் என்றுதான் அவளும் கடைசி வரிசையைப் பிடித்தாள். கூட்டம் முடிந்து எல்லாரும் படியிறங்கும்போது, அவரைத் தனியாக நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது நிஜமா? என் வீட்டுக்காரரை நிஜமாகவே ஒருத்தன் கொன்றானா? பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அந்தக் கேள்வி வழவழவென்று ஆகிப்போயிருந்தது.

புத்தகத்தில் செத்துப்போகிறவன் பெயர் நாயக் மாசிலாமணி. பனிமலை உச்சியில் ஒரு காவல் முகாம், விடியற்காலையில் பாரா மாற்றப் போகிறவர்கள் அவன் துப்பாக்கியோடு விழுந்து கிடப்பதைப் பார்க்கிறார்கள், தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு விடுகிறார்கள். ஒரே ஒரு சுபேதார் மட்டும் நம்பாமல் தோண்டித் துருவுகிறார். முகாமுக்கு வந்த மண்ணெண்ணெயை அடிவாரத்தில் விற்றுத் தின்ற ஸ்டோர்காரன்தான், விஷயம் மாசிலாமணிக்குத் தெரிந்துபோயிற்றே என்று அவனைத் தீர்த்துக்கட்டியவன் என்று கடைசி அத்தியாயத்தில் வெளியே வருகிறது. பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள், உங்க வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கிறாராம் என்று. பூங்காவனம் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் போகும், வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். வீட்டில் கேட்கத்தான் ஆளில்லையே, சத்தமாகவே படித்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் மாசிலாமணி இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிட்டான், பக்கத்திலிருந்தவர்கள் கேலி செய்தார்கள். பூங்காவனம் புத்தகத்தை மூடிவிட்டாள். மறுநாள் அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தபோதும் கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. சர்க்கரை டப்பாவை எடுங்கள், எறும்பு வரப்போகிறது என்று ஏகாம்பரத்திடம் எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பாள். அதை ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்கிறார், அச்சிலும் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவள் படித்தது கதை இல்லை.

முனிரத்தினம் இன்னும் விடவில்லை. அந்த வருஷத்தில் அந்த உயரத்தில் அந்த ரகத் துப்பாக்கி கிடையவே கிடையாது, பழசுதான் இருந்தது, வாசகனை ஏமாற்றலாம், பட்டாளத்தானை ஏமாற்ற முடியாது என்று மேசையைத் தட்டினார். தசரதன் மெதுவாக, இருந்தது ஐயா என்றார். இல்லை என்றார் இவர். பழசோ புதுசோ, ஒன்று இருந்திருக்கிறது, அது போதாதா என்று பூங்காவனத்துக்கு இருந்தது. ஆனாலும் அவர்கள் சண்டை போடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து, குரலைத் தாழ்த்தாமல், அவள் வந்ததும் பேச்சை மாற்றாமல், அவரைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை. ஊரில் அவர் பெயரையே எடுக்க மாட்டார்கள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள்கூட, போனில் அப்பா என்று ஆரம்பித்தால் அவள் புருஷனுடைய அப்பாவைத்தான் சொல்லுவாள். இங்கே என்னடாவென்றால் மாசிலாமணி ஏன் அன்றைக்குச் சாப்பிடவில்லை, மாசிலாமணி ஏன் லீவு கேட்கவில்லை, மாசிலாமணி நல்லவனா ஏமாளியா என்று ஆளாளுக்குக் கவலைப்படுகிறார்கள். கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் தன் பையை வைத்திருந்தாள்.

நெல்லிமேடு பட்டாளத்து ஊர். வீட்டுக்கு ஒரு ஆள் மிலிட்டரியில் இருப்பான், இருந்திருப்பான், இல்லையென்றால் போகப்போகிறேன் என்று விடியற்காலையில் ஓடிக்கொண்டிருப்பான். அதனால் எந்தச் சாவுக்கு என்ன மரியாதை என்பது அங்கே பொம்பளைகளுக்கும் அத்துப்படி. பெட்டி வரும், பெட்டிமேல் கொடி இருக்கும், வந்த சிப்பாய்கள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், கொடியை மடித்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பார்கள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு அதெல்லாம் கிடையாது. ஏகாம்பரத்தின் பெட்டி வந்த அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடி நின்றது. குழி வெட்டியாயிற்று, மாலை போட்டாயிற்று. இப்போது சுடப்போகிறார்கள் என்று பொம்பளைகள் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினார்கள். தசரதனும் கூட வந்தவரும் சும்மா நின்றார்கள். பிறகு தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் யாருக்கும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை, ஊருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. இறங்கிய கைகளெல்லாம் அப்படியே அவளைப் பார்த்துத் திரும்பின என்றுதான் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம். அழுதுகொண்டிருந்தவள் எதற்காக அழுகிறோம் என்று தெரியாமல் விழித்தாள். நல்லாத்தானே இருந்தான், சாவறதுக்கு முந்தின நாள்தானே போன் பண்ணினான், போனில் இவள் என்ன சொன்னாளோ என்று அவருடைய அம்மா தரையில் அடித்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கேள்வி அன்றைக்கு எழுந்ததுதான், இதுவரை உட்காரவில்லை.

என்னதான் சொன்னாள்? அதுதான் அவளுக்கே தெரியவில்லை. எத்தனை தடவை அந்தக் கடைக்குப் போய் நின்றிருக்கிறாள், மனசுக்குள்தான். மளிகைக் கடையில்தான் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்க வேண்டும். கடைக்காரர் புளி நிறுத்துக்கொண்டிருந்தார், ஒரு உருண்டையைப் போடுவார், எடுப்பார், திரும்பப் போடுவார். இது ஞாபகமிருக்கிறது. ரிசீவரில் எண்ணெய்ப் பிசுக்கு, இதுவும் இருக்கிறது. அவள் பேசினது அவள் காதுக்கே ஒரு கணம் கழித்துத் திரும்பி வந்தது, அதனால் அவர் பேசினது பாதி அமுங்கிப்போயிற்று. பாப்பாவுக்குக் காது குத்துக்கு லீவு கிடைக்காது என்றார். அதற்கு அவள் என்ன சொன்னாள்? கோபம் வந்தது, வந்திருக்கும், வராமல் இருக்குமா. ரொம்பக் குளிரு, மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம் என்றார். அப்புறம்? அப்புறம் புளிதான் ஞாபகம் வருகிறது. 'வராட்டி அங்கயே கெட' என்று நீ சொன்னாயாமே, கடையில் நின்றவர்கள் கேட்டார்களாமே என்று மாமியார் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை என்று முதல் வருஷம் சண்டை போட்டாள். அப்புறம் சொல்லியிருப்பேனோ என்று தோன்றிற்று. வருஷம் போகப்போக, அந்த வார்த்தைகள் அவளுடைய சொந்தக் குரலிலேயே, அந்த எதிரொலியோடுகூட, காதில் கேட்க ஆரம்பித்தன. வராட்டி அங்கயே கெட. அங்கயே கெட. கிடந்துவிட்டாரே. அதனால்தான் அந்த ஸ்டோர்காரனைப் படித்தபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. கொலைகாரனைக் கண்டு சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள், ஸ்டோர்காரன் பிடிபடுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நன்றாக மூச்சு வந்தது.

இப்போது மைக் ஷமீம் டீச்சர் கையில் இருந்தது. சின்னப் பெண், கணீரென்று பேசினாள். நாவலில் மாசிலாமணியின் மனைவி ஒரே ஒரு இடத்தில் வருகிறாள், அதுவும் போனில், அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை என்றாள். பூங்காவனம் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஒரே இடத்திலும் அவள் என்ன பேசுகிறாள்? 'ராத்திரியில ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தூங்குங்கள்' என்கிறாள், பனிமலை உச்சியில் இருப்பவனிடம். சிரித்தார்கள். முனிரத்தினம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அங்கே பங்கருக்கு ஜன்னலே கிடையாதும்மா, தண்ணி டம்ளருக்குள்ளேயே உறைஞ்சுபோகும் என்று எடுத்துக்கொடுத்தார். இன்னும் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டியை இவ்வளவு அசடாகக் காட்டியிருக்க வேண்டுமா, உணர்ச்சியான இடத்தில் இது ஒட்டவில்லை, அடுத்த பதிப்பில் இந்த வரியை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து என்று முடித்தாள் டீச்சர். பூங்காவனத்துக்குக் காது சுட்டது. அந்த வரியைப் படித்தபோதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊர்நாட்டுப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று தசரதன் கேலி செய்கிறாரோ என்றுகூட நினைத்தாள். ஆனால் வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஜன்னலைத் திற என்பதைவிட அக்கறையாக வேறென்ன சொல்ல வரும்? மேல்தெருவில் ஒரு குடும்பம் கதவடைத்துக் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்காமலே போனதை ஊரே பார்த்திருக்கிறதே. அப்படிச் சொல்கிறவள் அசடாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அங்கயே கெட என்று சொன்னவளாக இல்லாமல் இருந்தால் சரி.

அடுத்து பேராசிரியர் அருள்நம்பி எழுந்தார். அவர் எழுந்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும் என்பதுபோல எல்லாரும் அமைதியானார்கள். நாவலின் முதல் பாதியைப் புகழ்ந்தார், தனிமையையும் பனியையும் இவ்வளவு நன்றாக எழுதியவர்கள் குறைவு என்றார். ஆனால் கொலை என்று முடித்ததுதான் ஆசிரியர் செய்த தவறு. வில்லன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வாசகனுக்கு எல்லாம் சுலபமாகிவிடுகிறது, புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறான். அது தற்கொலையாகவே இருந்து, காரணமும் தெரியாமலே போயிருந்தால், அதுவல்லவா இலக்கியம். கை தட்டினார்கள், இந்தத் தடவை எல்லாருமே. பூங்காவனம் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். நிம்மதியாகத் தூங்குவது இலக்கியத்துக்கு ஆகாதாம். இவருக்கு ஒரு ராத்திரியை, ஒரே ஒரு ராத்திரியைக் கடனாகக் கொடுத்துப் பார்த்தால் தேவலை. கோபம் வந்தது, கூடவே பயமும் வந்தது. படித்தவர் சொல்கிறார், ஒருவேளை விஷயம் தெரிந்துதான் சொல்கிறாரோ? எழுந்து போய்விடலாமா? கேட்காமலேயே போய்விட்டால் அந்த ஸ்டோர்காரன் அவளோடேயே பஸ்ஸில் வந்துவிடுவான். வீட்டில் இருப்பான். யார் செய்தது என்று மனசு கேட்கிறபோதெல்லாம் அவனைக் காட்டிக்கொள்ளலாம். எழுந்திருக்கத்தான் பார்த்தாள், அதற்குள் தசரதனிடம் மைக் போய்விட்டது.

அவர் எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை. எல்லாருக்கும் நன்றி சொன்னார், துப்பாக்கி விஷயத்தை இன்னொரு தடவை சரிபார்க்கிறேன் என்று முனிரத்தினத்துக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. மாசிலாமணின்னு ஒருத்தன் எங்க பட்டாளத்துல நெசமாவே இருந்தான், பேரு வேற. அவன யாரும் கொல்லல. விசாரிக்காத ஆளு இல்ல, நானே எத்தனையோ பேரக் கேட்டேன். ஸ்டோரும் கெடையாது, மண்ணெண்ணெத் திருட்டும் கெடையாது. அவனேதான். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பெட்டியோட ஊருக்குப் போனவன் நானு. சுடறதுக்கு எங்களுக்கு உத்தரவு இல்ல. அவங்க ஜனங்க முன்னாடி கைய கட்டிக்கினு நின்னேன் பாருங்க, அது மனசுல கெடந்துச்சு. அதான் கொலன்னு எழுதிட்டேன். அடுத்த பதிப்புல அந்தக் கொலகாரன எடுத்துடறேன். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்."

பூங்காவனத்துக்கு முதலில் ஒன்றுமே ஆகவில்லை. மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். சரி, அவ்வளவுதானே, கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தைகள் அவள் குரலிலேயே திரும்பி வந்தன. அங்கயே கெட. அப்படியென்றால் அதுதான். வேறே யாரும் இல்லையென்றால் அதுதானே. தசரதன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், டீச்சரைப் பார்த்து.

"ஆனா அந்த ஜன்னல் வரிய மட்டும் எடுக்க முடியாதும்மா. இந்தப் புஸ்தகத்துல நான் எழுதாத வரி அது ஒண்ணுதான். போனுக்கு அவன் பின்னாடி அடுத்த ஆளா நின்னுகினு இருந்தவன் நானு. வெச்சுட்டுத் திரும்பி, 'எங்கூட்டுக்காரி ஜன்னலத் தொறந்து வெச்சுத் தூங்கச் சொல்றாடா'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். வரிசையில நின்ன அத்தன பேருகிட்டயும் சொன்னான். அன்னிக்கு பூரா அதையே சொல்லிகினு இருந்தான்."

புளி நிறுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர், ஒரு உருண்டையைப் போட்டார், எடுத்தார். அடுப்ப எரிய வுட்டா பொக ஆவாது, ராத்திரியில ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வெச்சிக்குங்க என்றாள் அவள், ரிசீவரின் எண்ணெய்ப் பிசுக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டே. திறந்து வெச்சிக்குங்க என்று அவள் குரலே திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ஏதோ சத்தம், கரகரவென்று. லைன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் வைத்துவிட்டாள். அது அவர் சிரித்த சத்தம். இத்தனை வருஷமாக அங்கே இருந்திருக்கிறது, அவள்தான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பூங்காவனத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கியது. நான் சொல்லவில்லை, அத்தை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று செத்துப்போன மாமியாரிடம் சொன்னாள். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் போலிருந்தது. நெஞ்சுக்குள் இடம் காலியாகி, காற்று வந்தது. கொஞ்ச நேரம்தான். அந்தக் காலி இடம் பெரிசாகிக்கொண்டே போயிற்று. சிரித்திருக்கிறார். அன்றைக்குப் பூராவும் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் போய் அதைச் செய்திருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டதனால் என்றால் அது பாவம்தான், ஆனால் அது ஒரு காரணம். ஸ்டோர்காரன் கொன்றான் என்றால் அது அநியாயம்தான், அதுவும் ஒரு காரணம். இப்போது இரண்டும் இல்லை. சிரித்த மனுஷன் எதற்காகச் செத்தார்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், விளக்கைப் போட்டு, அதோடு உட்கார வேண்டும். அவளும் அதுவும் மட்டும். பேராசிரியர் கேட்ட இலக்கியம் இதுதான் போலிருக்கிறது.

வட்டத்தின் அமைப்பாளர் திருவேங்கடம் எழுந்து, துண்டு போர்த்துவதற்கு முன் ஒரு விஷயம் என்றார். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, வந்தவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வார்த்தையாவது கருத்து சொல்ல வேண்டும், சொல்லாதவர்களுக்கு டீ கிடையாது. கடைசி வரிசையில் ஒரு அம்மா காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. எல்லாரும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள் பூங்காவனம். படிச்ச அளவுக்குச் சொல்லுங்கம்மா, பேரும் ஊரும் சொல்லிட்டு ஆரம்பிங்க என்று மைக்கைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டார். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. எழுந்து நின்றாள். தசரதனும், வரப்போகிற இன்னொரு வாசகர் கருத்துக்காக, மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் பேரு பூங்காவனம். ஊரு நெல்லிமேடு."

தசரதன் மெல்ல எழுந்து நின்றார். ஏன் நிற்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவள் அவரை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"அந்த ஜன்னல நெசம்னு சொன்னீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. எம்மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சு. ஆனா அந்தக் கொலகாரன எடுக்காதீங்க அண்ணா. அவன் மேலயும் தப்பு இல்லன்னு ஆக்கிட்டா, நான் அப்புறம் யாரத் திட்டிகினு இருப்பேன்? வூட்ல எனக்கு வேற யாரு இருக்காங்க? அவன் பாட்டுக்கு இருக்கட்டும்."

மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.